பழைய கம்ப்யூட்டரைப் புது எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்வது எப்படி?

(திரையில்: பக்க மூடி கழற்றிய கேபினட். ஹீட்சிங்க் இடுக்கில் பஞ்சு.)

வணக்கமுங்க. இது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசிலிருந்து வந்த கம்ப்யூட்டர். ஹீட்சிங்கில் அடைந்திருக்கும் பஞ்சைப் பார்த்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அதைச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

உள்ளே இன்டெல் எச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். கணக்கு எழுதும் டேலி மென்பொருளைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகலாம், அவ்வளவு நேரம் எடுக்கிறது. முதலாளி கேட்டது இதுதான்: "ஏனுங்ணா, பையன் லேப்டாப்புல இருந்து கழட்டுன எஸ்எஸ்டி ஒண்ணு சும்மா கெடக்குது. அதை இதுல போட்டா ஓடுமுங்களா?"

ஓடும். ஆனால் போட்ட உடனே அதிலிருந்து பூட் ஆகாது, அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்து எழாது. ஏன் ஆகாது, ஆக வைக்க என்ன வழி என்பதுதான் இந்த வீடியோ.

(திரையில்: உள்ளங்கையில் இரண்டு எம்.2 எஸ்எஸ்டிகள். தங்க நிறப் பற்களுக்கு நெருக்கமான காட்சி.)

முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் மாதிரியே பேசும் சாட்டா, கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாகப் பேசும் என்விஎம்இ என்று எஸ்எஸ்டியில் இரண்டு வகை. சூயிங்கம் பட்டை மாதிரி இருப்பதெல்லாம் என்விஎம்இ கிடையாது. இந்தத் தங்க நிறப் பற்களின் வரிசையில் வெட்டு எத்தனை இருக்கிறது? ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா வகை. ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாட்டா வகையாக இருந்தால் கவலையே இல்லை. அதற்கென்று இரண்டரை இன்ச் டப்பா விற்கிறார்கள். அதில் பொருத்தி சாதாரண சாட்டா கேபிளில் மாட்டினால் பழைய போர்டு அதை ஹார்டு டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும். இவர் கொண்டு வந்திருப்பது என்விஎம்இ.

இப்போது பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் வருவதற்கு முன்னால், மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பில் இருக்கும் பயாஸ்தான் முதலில் எழுகிறது. ராம், கீபோர்டு எல்லாம் சரிபார்த்துவிட்டு, பூட் பட்டியலில் முதலில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து முதல் 512 பைட்டைப் படிக்கிறது. அங்கிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்கும். இதில் ஒரு சங்கதி: அந்த 512 பைட்டைப் படிக்கக்கூட டிஸ்க்கோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கோடு பேசும் பழைய முறையான ஐடிஇ தெரியும், அதற்கடுத்து வந்த ஏஎச்சிஐ தெரியும், யுஎஸ்பி தெரியும். பழைய பயாஸுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என்விஎம்இ பேசும் முறையே வேறு. அதன் முதல் பதிப்பு வெளியானது 2011 மார்ச்சில். எச்61 போர்டுகள் வந்ததும் அதே வருடம்தான். ஏஎச்சிஐயில் ஒரே ஒரு வரிசை, அதில் 32 கட்டளைகள். என்விஎம்இயில் 65,535 வரிசைகள் வரை வைக்கலாம், ஒவ்வொன்றிலும் 65,536 கட்டளைகள் வரை நிற்கலாம். இதற்கான டிரைவர், அதாவது அந்த முறையில் பேசக் கற்றுக்கொடுக்கும் புரோகிராம், பழைய பயாஸில் இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஏதோ ஒரு கார்டு இருக்கிறது என்பது அதற்குத் தெரியும், அது டிஸ்க் என்று தெரியாது. பூட் பட்டியலில் பெயர் வராததற்குக் காரணம் இதுதான். எஸ்எஸ்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

விண்டோஸ் 8.1, 10, லினக்ஸ் இவற்றிலெல்லாம் என்விஎம்இ டிரைவர் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2012லேயே, 3.3 பதிப்பில் வந்துவிட்டது. அதனால் இந்த எஸ்எஸ்டியை டேட்டா டிரைவாக மட்டும் வைத்துக்கொண்டால் எந்த வேலையும் செய்ய வேண்டாம், போட்டதும் தெரியும். விண்டோஸ் 7 ஆக இருந்தால் மட்டும் டிரைவரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சிக்கல் முழுக்க அந்த முதல் சில விநாடிகளில்தான்.

ஸ்பின்னிங் மில் கேட்டில் நிற்கும் பழைய வாட்ச்மேன் என்று பயாஸை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த முகங்களை மட்டும்தான் உள்ளே விடுவார். புது ஆள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர் வந்து கூட்டிக்கொண்டு போனால் உள்ளே விட்டுவிடுவார். இங்கே அந்தத் தெரிந்தவர் ஒரு பென்டிரைவ்.

(திரையில்: எம்.2 அடாப்டர் கார்டு. பிறகு மதர்போர்டின் ஸ்லாட்டுகள்.)

அதற்கு முன்னால், எங்கே மாட்டுவது? இந்த போர்டில் எம்.2 ஸ்லாட், அதாவது இந்தப் பட்டையை நேராகச் செருகும் இடம், கிடையாது. இந்த அடாப்டர் கார்டு வேண்டும். இதில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, எஸ்எஸ்டியின் கம்பிகளைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்குக் கொண்டு போகிறது, அவ்வளவுதான். விலை அதிகமான அடாப்டர் வாங்கினால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். டேட்டா போகும் பாதை, அதாவது லேன், நாலு உள்ளதா என்று மட்டும் பாருங்கள்.

எச்61 போர்டில் பெரும்பாலும் நீளமான ஸ்லாட் ஒன்று, குட்டி ஸ்லாட் ஒன்றிரண்டு. குட்டி ஸ்லாட்டில் ஒரே லேன், பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. விநாடிக்கு 500 எம்பிக்கு மேல் போகாது. நீளமான ஸ்லாட்டில் நாலு லேனும் கிடைக்கும். 2.0 ஆக இருந்தாலே 2 ஜிபி வரை வரும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு இருக்காது, அதனால் அந்த ஸ்லாட் காலியாகவே கிடக்கும். அங்கே மாட்டுங்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த ஸ்லாட்டில் கேமிங் கார்டு உட்கார்ந்திருந்தால், குட்டி ஸ்லாட்டில் என்விஎம்இ போடுவதற்கு இவ்வளவு பாடுபட வேண்டாம் என்பேன்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டியைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்கப் போகிறவராக இருந்தால், இந்த மாதிரி கம்ப்யூட்டருக்கு இரண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டியே போதும். காரணம் கணக்கில் இருக்கிறது. 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்கின் தட்டு ஒரு சுற்று சுற்ற 8.33 மில்லி விநாடி. தேடும் இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, ஊசி நகர இன்னும் 9 மில்லி விநாடி அளவு. ஆக ஒரு இடத்துக்குப் போய்ச் சேர 13 மில்லி விநாடி. விநாடிக்கு 75, 80 இடங்களுக்குத்தான் ஓட முடியும். விண்டோஸ் எழும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். ஒவ்வொன்றும் 4 கேபி என்று வைத்தால் விநாடிக்கு 320 கேபிதான்! டேலி தவழ்வதற்குக் காரணம் இந்த ஓட்டம்தான். சாட்டா எஸ்எஸ்டியில் ஊசியும் இல்லை, தட்டும் இல்லை. அதுவே விநாடிக்குப் பல ஆயிரம் இடங்களுக்குப் போய்வரும். எச்61இல் இருக்கும் சாட்டா எல்லாமே 3 ஜிகாபிட் வகை, 300 எம்பிக்குள்தான் வரும். இருந்தாலும் முதலாளிக்குத் தெரியப்போகிற வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். பி75 போர்டு என்றால் ஒரே ஒரு 6 ஜிகாபிட் போர்ட் இருக்கும். போர்டில் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதில் மாட்டுங்கள்.

சாட்டாவுக்குப் போகிறவர்கள் பயாஸில் ஏஎச்சிஐ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்டோஸ் போடுங்கள். ஐடிஇயில் போட்டுவிட்டு அப்புறம் மாற்றினால் நீலத் திரை வர வாய்ப்பு உண்டு. கோர் 2 டியோ காலத்து ஜி31, ஜி41 போர்டுகளில் பலவற்றில் இருக்கும் ஐசிஎச்7 சிப்பில் ஏஎச்சிஐயே கிடையாது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காமல் ஐடிஇயிலேயே விடுங்கள், ஓடும்.

சரி, இவரிடம் என்விஎம்இ சும்மா கிடக்கிறது. போட்டுவிடுவோம்.

(திரையில்: பென்டிரைவ். பிறகு க்ளோவர் திரை.)

க்ளோவர் என்று ஒரு இலவச பூட்லோடர், அதாவது விண்டோஸை எழுப்பிவிடும் புரோகிராம், இருக்கிறது. பூட் டிஸ்க் யுட்டிலிட்டி என்ற சின்ன மென்பொருளை வைத்து ஒரு பென்டிரைவில் க்ளோவரை ஏற்றிக்கொள்ளலாம். 1 ஜிபி பென்டிரைவ்கூடப் போதும், மேசை டிராயரில் கிடக்கும் பழசுக்கு வேலை வந்துவிட்டது. ஏற்றிய பிறகு பென்டிரைவைத் திறந்து பாருங்கள். இஎஃப்ஐ ஃபோல்டர், அதற்குள் க்ளோவர், அதற்குள் டிரைவர்ஸ். அங்கே ஆஃப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பயன்படுத்தாத டிரைவர்கள் அதில்தான் தூங்குகின்றன. அதிலிருந்து என்விஎம் எக்ஸ்பிரஸ் டிஎக்ஸ்இ என்ற ஃபைலை காப்பி செய்து, பக்கத்தில் இருக்கும் பயாஸ் ஃபோல்டரில் போடுங்கள். போர்டு, பயாஸுக்கு அடுத்து வந்த யுஇஎஃப்ஐ வகையாக இருந்தால் யுஇஎஃப்ஐ ஃபோல்டரில். எது என்று தெரியாவிட்டால் இரண்டிலும் போட்டுவிடுங்கள். வேலையின் உயிர் இந்த ஒரு ஃபைலில்தான் இருக்கிறது.

அடுத்து இன்னொரு பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலர். பென்டிரைவ் தயார் செய்யும் ரூஃபஸ் மென்பொருளில், டிஸ்க்கைப் பிரிக்கும் முறை ஜிபிடி, பூட் முறை யுஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுத்துச் செய்துகொள்ளுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இது முக்கியம். அது மாட்டியிருந்தால் விண்டோஸ் தன் பூட் பார்ட்டிஷனை, அதாவது எழுவதற்கான பகுதியை, அங்கே கொண்டுபோய் வைத்துவிடக்கூடும், நாளைக்கு அந்த டிஸ்க்கைக் கழற்றும்போது எல்லாம் படுத்துவிடும்.

இரண்டு பென்டிரைவையும் பின்பக்க போர்ட்டில் செருகி, க்ளோவரிலிருந்து பூட் செய்யுங்கள். பழைய பயாஸில் பென்டிரைவ் பூட் பட்டியலில் நேராக வராது, ஹார்டு டிஸ்க் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். முதலில் அந்த உள்பட்டியலில் மேலே ஏற்றிவிட்டு வர வேண்டும். க்ளோவர் திரை வந்ததும் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுங்கள்.

நேராக இன்ஸ்டாலரை பூட் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்யலாம். டிஸ்க்கும் பட்டியலில் தெரியும். ஆனால் இந்த டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் போகலாம் என்று சொல்லி விண்டோஸ் இன்ஸ்டால் ஆக மறுத்துவிடும். க்ளோவர் வழியாகப் போனால் யுஇஎஃப்ஐ கம்ப்யூட்டரில் இருப்பதாக அது நம்பிக்கொள்ளும். நடுவில் ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் மறுபடி க்ளோவருக்கு வந்து, இந்த முறை எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்ததும் க்ளோவரின் செட்டிங் ஃபைலில் அந்த விண்டோஸையே வழக்கமானதாகக் குறித்து, காத்திருக்கும் நேரத்தை இரண்டு விநாடி ஆக்கிவிட்டால் ஆபீசில் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை.

விண்டோஸ் எழுந்த பிறகு அதன் சொந்த டிரைவர் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அதனால் க்ளோவரின் வேகம் விண்டோஸின் வேகத்தைக் குறைக்காது. பென்டிரைவ் பழசு, யுஎஸ்பி 2.0 என்றெல்லாம் யோசிக்க வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, எட்டாம் தலைமுறை பிராசசர் எதுவும் இந்த கம்ப்யூட்டரில் இல்லை. டேலிக்காக விண்டோஸ் வேண்டும் என்பவர்கள் இருக்கட்டும். பிரவுசரும் ஈமெயிலும் போதும் என்பவர்கள் லினக்ஸ் போடலாம், அதில் க்ளோவர்கூட வேண்டாம். பூட் பார்ட்டிஷனை மட்டும் பழைய ஹார்டு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ வைத்துவிட்டு, மற்றதை என்விஎம்இயில் வையுங்கள். கெர்னல் பயாஸுக்குத் தெரிந்த டிஸ்க்கிலிருந்து ஏறும். ஏறியதும் எஸ்எஸ்டியைத் தானே பிடித்துக்கொள்ளும்.

(திரையில்: எட்டுக் கால் பயாஸ் சிப், அதைக் கவ்விய கிளிப்.)

பயாஸுக்குள்ளேயே அந்த டிரைவரைச் சேர்த்துவிடும் வழியும் உண்டு. யுஇஎஃப்ஐ போர்டாக இருந்தால், பயாஸ் ஃபைலைத் திறந்து அதே டிரைவரைச் செருகி, திரும்ப எழுதலாம். அப்புறம் பென்டிரைவே தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், பூட் பட்டியலில் இந்தப் புது டிஸ்க் பாட்டா என்ற பழைய டிஸ்க் வகையின் பெயரில் வந்து நிற்கும். அழகான வழிதான், ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் செய்யமாட்டேன். எழுதும்போது கரண்ட் போனால் போர்டு செங்கல். அதை மீட்க, சிப்பில் நேராக எழுதும் சிஎச்341ஏ புரோகிராமர் கருவியும் இந்தக் கிளிப்பும் வேண்டும். செய்தே தீருவேன் என்பவர்கள் யுபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள், மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் அறிவிப்பையும் பேப்பரில் பார்த்துவிடுங்கள்.

(திரையில்: மதர்போர்டில் வட்ட பேட்டரி.)

கடைசியாக, இந்தப் பேட்டரியை இப்போதே மாற்றிவிடுங்கள். சிஆர்2032, 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இது தீர்ந்துவிட்டால், இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் ஆபீசில் காலையில் பயாஸ் செட்டிங் எல்லாம் பழையபடி போய்விடும். பென்டிரைவ் பட்டியலில் கீழே இறங்கிவிடும், திரையில் "பூட் டிவைஸ் இல்லை" என்று வரும். அப்புறம் அந்த க்ளோவர் பென்டிரைவ் மேல் "கழற்றாதீர்கள்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கூட்டிப் பெருக்க வருகிறவரோ, பாட்டு காப்பி செய்ய பென்டிரைவ் தேடுகிற பையனோ உருவிக்கொண்டு போனால் மறுநாள் பில் போட முடியாது. அதே மாதிரி இன்னொன்று தயார் செய்து, கேபினட்டுக்குள் டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள்.