விதைத்து எத்தனையாம் நாள்?

பயிற்சிக்குப் புறப்படும் விவசாய மாணவர்களே, உங்களை அனுப்பிவைக்கும் ஆசிரியர்களே, வணக்கம்.

உங்கள் கையிலுள்ள பயிற்சிக் கடிதத்தில் இரண்டு திகதிகள் இருக்கின்றன, தொடங்கும் நாளும் முடியும் நாளும். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ அந்தத் திகதியைப் பார்த்து ஒருவரும் விதைப்பதில்லை. குளத்தில் கிடக்கும் தண்ணீரைப் பார்த்து, போகத்துக்கு முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிய வேண்டிய நாள், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும். போய் இறங்கியதும் கமநல சேவை நிலையத்தில் அந்தத் தீர்மானத்தைக் கேட்டு எழுதுங்கள். வாய்க்காலில் எந்த நாள் எந்தப் பக்கம் தண்ணீர் போகும் என்பதை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் கேளுங்கள். கந்தளாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு யல, மகா, கன்ன என்ற சிங்களச் சொற்களும் காதில் பழகியிருக்க வேண்டும். சிறுபோகம், பெரும்போகம், போகம் என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

பயிற்சி நாளேட்டில் பெரும்பாலும் காணப்படும் வரி இது: ‘இன்று களை பார்வையிடப்பட்டது.’ இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திகதிக்குப் பக்கத்தில் ‘விதைத்து 18ஆம் நாள்’ என்று போடுங்கள். நெல்லில் எந்த வேலையும் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. கதிர் பூத்து அறுவடைக்கு வர ஏறத்தாழ 30 நாள். தண்டுக்குள் குருத்துக் கதிர் உருவாகிப் பூக்க ஏறத்தாழ இன்னொரு 30 நாள். இவை இரண்டும் எந்த வயது நெல்லிலும் பெரிதாக மாறுவதில்லை. கூடிக் குறைவது முன்னாலுள்ள வளர்ச்சிக் காலம்தான். ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள். 105 நாள் நெல்லில் குருத்துக் கதிர் 45ஆம் நாளளவில் வரும். 90 நாள் நெல்லில் 30ஆம் நாளளவிலேயே வந்துவிடும். சந்தேகமென்றால் தாய்ச் செடியின் தண்டை அடியிலிருந்து நீளமாகக் கீறிப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றரில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒரு நுனி தெரியும். மேற்கட்டுப் பசளையின், அதாவது பயிர் வளர்ந்துவரும்போது எறியும் பசளையின், ஒரு பங்கு அந்த நேரத்துக்கு உரியது. அயல் வயல்காரர் எறிகிறார் என்று தாமும் எறிபவர், அயலவருடைய நெல் எத்தனை மாத நெல் என்று கேட்பதில்லை. பசளை பிந்துவது பெரும்பாலும் இப்படித்தான்.

விதைப்பில் நிற்கக் கொடுத்துவைத்தவர்கள் முதலில் முளைதிறன் பாருங்கள். நூறு மணியை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள், ஏழாம் நாள் எண்ணுங்கள். 85க்குக் கீழே என்றால் அந்த விதை யோசிக்க வேண்டிய விதை. சேற்று விதைப்புக்கு 24 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி 36 முதல் 48 மணி நேரம் வைப்பார்கள். முளை நீண்டுவிட்டால் வீசும்போது ஒடியும். சாக்கு வெயிலில் கிடந்தால் உள்ளே வெந்துபோகும்.

ஏக்கருக்கு இரண்டு புசல் என்பது சிபாரிசு. ஒரு புசல் நெல் 20 கிலோவுக்குச் சற்று மேல், ஆக 40 கிலோ சொச்சம். சதுர மீற்றருக்கு 10 கிராம், மணிக்கணக்கில் 400 அளவில் விழும். பல கமக்காரர்கள் மூன்று புசலும் அதற்கு மேலும் எறிகிறார்கள். அதைப் பார்த்ததும் வகுப்பில் படித்ததைச் சொல்லித் திருத்தப் போகாதீர்கள். அவருக்கு விதையில் நம்பிக்கை இல்லை, பறவைப் பயம் உண்டு, பலகையடித்துச் சரியாக மட்டமாக்காத வயலில் பள்ளத்து விதை அழுகும் என்பதும் தெரியும். முளைதிறன் எண்ணிக்கையை அவர் கண்முன்னே செய்து காட்டினால் பேச்சே தேவைப்படாது.

அடர்த்தியாய் விதைத்த வயலில்தான் அறக்கொட்டி முதலில் இறங்கும். புத்தகத்தில் கபிலநிறத் தத்தி என்று படித்திருப்பீர்கள். அடர்ந்த பயிர், மிஞ்சிய யூரியா, அடியில் காற்றோட்டமில்லாத ஈரம், இந்த மூன்றும் கூடினால் அதற்கு விருந்து. வரம்பில் நின்று இலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வயலுக்குள் இறங்கி, செடியைச் சரித்து, அடித்தண்டில் தட்டுங்கள். தண்ணீரில் விழுபவற்றை எண்ணுங்கள், கூடவே அவற்றைத் தின்னும் சிலந்திகளையும் எண்ணுங்கள். வட்ட வட்டமாய்க் காய்ந்த பிறகு கண்டுபிடிப்பதற்குப் பயிற்சி மாணவர் தேவையில்லை. முதல் வேலை தண்ணீரை வடித்துச் சில நாள் விடுவது. மருந்து அடிக்கத்தான் வேண்டுமென்றால் தண்டின் அடிக்குப் போக வேண்டும். இலைக்கு மேலே தூவிவிட்டு வந்தால் சிலந்தி சாகும், அறக்கொட்டி இருக்கும், இரண்டு கிழமையில் முன்னையிலும் கூடும்.

மருந்தடிக்கும் அளவில் நடக்கும் பிழை வேறு. போத்தலில் ஏக்கருக்கு இவ்வளவு என்றிருக்கும். ஒரு ஏக்கருக்கு எத்தனை டாங்கி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வெறும் தண்ணீரை வைத்து அளந்து பாருங்கள். ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றர் ஒரு துண்டு அடையாளமிடுங்கள். அது கிட்டத்தட்ட ஒரு பேர்ச். வழக்கமாக அடிக்கும் ஆளையே வழக்கமான நடையில் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு லீற்றர் செலவானால் 160 பேர்ச் ஏக்கருக்கு 160 லீற்றர், 16 லீற்றர் டாங்கியால் பத்து. வேறோர் ஆள் ஆறு டாங்கியோடு முடிப்பவரானால், பத்து டாங்கிக்குக் கணக்கிட்ட ‘டாங்கிக்கு இவ்வளவு மூடி’ என்ற பழக்கத்தில் மருந்து குறைவாகவே விழுந்திருக்கிறது. களை முளைத்த பின் அடிக்கும் களைநாசினி பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீரை வடிக்காமல் அடிப்பது மற்றது. நீங்கள் அளக்கலாம், எழுதலாம், டாங்கியைத் தோளில் போட வேண்டாம். காலில் காயமிருந்தால் சேற்றில் இறங்கவும் வேண்டாம். எலிக் காய்ச்சலுக்கு முற்காப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போகத் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயத்துக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: மணல் நிலம் தண்ணீரையும் பசளையையும் பிடித்து வைக்காது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். கடலோரக் கிணற்றில் கோடை முற்ற முற்ற உப்பு ஏறும். கிழமைக்கு ஒரு தடவை உவர்த்தன்மையை அளந்து வரிசையாய் எழுதினாலே நல்ல அறிக்கை.

விளைச்சல் கேட்கும்போது எந்தப் போகம் என்று சேர்த்துக் கேளுங்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து நவம்பரில் தளர்ந்தது. அந்தப் பெரும்போகத்தின் எண்ணை ‘வழக்கமான விளைச்சல்’ என்று எழுதிவிட்டால் முழு ஒப்பீடும் கோணும்.

நீங்களே வெட்டி அளப்பதானால் ஒரு சதுர மீற்றர்ச் சட்டத்தை நல்ல பயிர் நிற்கும் இடமாய்த் தேடி வைக்காதீர்கள். கை தானாக அங்கேதான் போகும். வயலுக்குள் போவதற்கு முன்பே ‘இத்தனை அடி நடை, பிறகு சட்டம்’ என்று முடிவு செய்துகொள்ளுங்கள், வரம்போரத்தை விடுங்கள். 500 கிராம் நெல் கிடைத்தால் ஏக்கருக்கு 2,020 கிலோ, 97 புசலளவு. ஆனால் அந்த நெல்லில் ஈரம் 22 வீதமென்றால், 14 வீதத்துக்குக் காயும்போது அது 453 கிராம்தான். ஏக்கருக்கு ஒன்பது புசல் காற்றோடு போய்விடும்.

கமக்காரரின் மூடைக் கணக்கு அதிலும் குறைவாக வந்தால் அவரைச் சந்தேகிக்க முன், வெட்டுமெசினுக்குப் பின்னால் போங்கள். வெட்டுவதற்கு முன்னரே உதிர்ந்தது எவ்வளவு என்று அதே வயலில் வெட்டாத பக்கம் எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமாகச் சதுர மீற்றரில் 200 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஒரு புசல் நிலத்தில் கிடக்கிறது. மெசின் அடுத்த வயலில் இறங்குமுன் இந்த எண்ணைச் சாரதியிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைத்துப் பார்க்க அப்போதுதான் நேரம் இருக்கும்.