தாயைப் போல மட்டுமா பிள்ளை?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அரங்கை மனமுவந்து தந்த கல்லூரி முதல்வர் அவர்களே, பணிகளுக்கிடையே வந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி.

பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எப்படி வருகின்றன என்று சொல்லும் மெண்டலின் மூன்று விதிகளைப் பேசப் பணித்தீர்கள்: ஓங்குத்தன்மை, தனித்துப் பிரிதல், சார்பின்றி ஒதுங்குதல்.

இன்றைய செக் நாட்டிலுள்ள புருன் நகரத்து மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் பட்டாணியை ஆராய்ந்தார் கிரிகோர் மெண்டல் என்ற துறவி. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இணைத்தார். விளைந்தவை அத்தனையும் உருண்டை. அவற்றை மறுபடி விதைத்தார். உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மகனிடம் மறைந்திருந்த பண்பு பேரனிடம் தலைகாட்டியது. தாய் தந்த மரபணு ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஓங்கியது தெரியும், ஒடுங்கியது ஒளிந்திருக்கும்; இது முதல் விதி. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது அந்த இரண்டும் தனித்தனியே பிரியும்; இது இரண்டாம் விதி.

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்கிறோம். பாவும் ஊடையும் சேராமல் சேலை ஏது?

ரத்த வங்கி வாசலில் ஒரு காட்சி. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தை. சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். குழந்தையின் தாயைப் பார்த்து அவள் மாமியார், எல்லோரும் கேட்கும்படிச் சொல்கிறார்: “தாயைப் போல பிள்ளை! எங்கள் வம்சத்தில் இது கிடையாது. இவள் அப்பன் வீட்டு ரத்தம்!” அந்தப் பெண்ணை மணந்தவர் யார் தெரியுமா? சொந்தத் தாய்மாமன். அப்படியானால் ஏசுகிற மாமியார் யார்? அவள் அம்மாவைப் பெற்ற பாட்டி! மருத்துவர் பொறுமையாக, “பாட்டி, உங்கள் ரத்தத்தையும் பார்ப்போமே” என்றார். பார்த்தார்கள். அவரிடமும் அந்த மரபணு. மகனுக்கும் கொடுத்திருக்கிறார், மகள் வழியே பேத்திக்கும் கொடுத்திருக்கிறார். பாட்டி வாயடைத்துப் போனார். அவரையும் குறைசொல்லேன், அந்த மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர் பெரும்பாலும் நோயறியாமல் வாழ்ந்துவிடுவார்.

தாய், தந்தை இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவரானால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதே, அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒருவர் மட்டும் சுமந்தால் பிள்ளைக்கு அந்தக் கடும் நோய் வராது. சொந்தத்தில் மணமுடிக்கும்போது இருவரிடமும் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. அதனால்தான் மன்றாடுகிறேன்: ஜாதகத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை!

மூன்றாம் விதிக்கு நேரமில்லை. மாணவர்கள் பாடநூலில் படித்துக்கொள்வார்கள். முதல்வர் அவர்களே, அடுத்த மருத்துவ முகாமில் இந்தப் பரிசோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘தாயைப் போல பிள்ளை’ என்று மாணவியரை மட்டும் வரிசையில் நிறுத்திவிடாதீர்கள். மாணவர்களும் கை நீட்டட்டும்.