பனியைக் குடித்து வளரும் கடலை

வணக்கங்க. கார்த்திகை பிறந்து நாலு நாள் ஆச்சு. எங்கள் கோயம்புத்தூர் மாவட்டத்துச் சுல்தான்பேட்டைப் பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருமே தவிர, மழை பெரிசாக வராது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த ஈரம் காய்வதற்குள் கொண்டைக்கடலை போட்டுவிட வேண்டுங்க.

பொடக்காளியில், அதாவது வீட்டுக் கொல்லையில், இது ரெண்டு சென்ட் கரிசல். பாருங்க, நாலு விரல் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உருட்டுகிறேன். உருண்டை நிற்கிறது, கீழே போட்டால் உதிர்கிறது. இதுதான் பதம். கையில் அப்பிக்கொண்டால் ரெண்டு நாள் பொறுங்கள். வரிசைக்கு வரிசை ஒரு அடி, விதைக்கு விதை நாலு விரல்கடை. அவ்வளவுதான்.

போட்டபின் தண்ணீர் ஊற்றாதீர்கள். போன வருசம் பாவமே என்று தினமும் சாயங்காலம் ஊற்றினேன். மார்கழியில் செடி மஞ்சளாகிச் சாய்ந்தது. பிடுங்கினால் வேர் கறுத்து, தோல் கையோடு உரிந்து வந்தது. முக்கால்வாசிச் செடி போச்சு, எனக்கு மனசே ஆறவில்லை. ஈரமும் பனியும் போதும் அதற்கு.

முப்பது நாளில் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். கிள்ளிய விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள், புளிக்கும். இலையிலேயே அமிலம் சுரக்கிறது. அந்தக் காலத்தில் ராத்திரி செடி மேல் வெள்ளைத் துணி விரித்து, விடியக்காலம் பனியோடு பிழிந்து எடுப்பார்கள். கடலைப் புளிப்பு என்று வயிற்று மந்தத்துக்குக் கொடுப்பார்கள்.

அப்புறம், வேலியில் அவரை வைத்திருப்பவர்கள் பூங்கொத்தைத் திருப்பிப் பாருங்கள். பனிக்காலத்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பியிருக்கும். அடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் முடிந்து, வெயில் ஏறும் முன்னே தட்டுங்கள். பனி ஈரத்தில்தான் சாம்பல் ஒட்டும், பத்து மணிக்குத் தட்டினால் காற்றோடு போய்விடும்.

கடலைக்குக் காய்ப்புழு வரும். அதற்கு நடுநடுவே கொம்பு ஊன்றப்போகிறேன், கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து புழுவைப் பிடித்துத் தின்ன. பொங்கலுக்குப் பச்சைக்காய் பிடித்திருக்கும், அப்போது காட்டுகிறேன். மூணு வரிசை பாக்கி இருக்கிறது, பொழுது இறங்குகிறதுங்க, போட்டுவிட்டு வருகிறேன்.