கிறீஸ் பூதம் வந்த ஓகஸ்ட்

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். போன காணொளியில் 1975 முதல் 1980 வரை இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீற்றர் சட்கிளிஃப் பற்றிச் சொல்லியிருந்தேன். "ஒருவனுக்காக ஊரே இப்படிப் பயப்படுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, 2011 ஓகஸ்டில் நீங்கள் கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இரத்தினபுரிப் பக்கம் கஹவத்தையில் 2008 முதல் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள்; பலர் வயதானவர்கள். அந்தப் பீதி ஊர் ஊராகப் பரவி எங்களிடம் வந்தபோது, உடம்பெல்லாம் கிறீஸ் பூசி, பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறவனாக மாறியிருந்தது. நாங்கள் கிறீஸ் பூதம் என்றோம். பத்திரிகைகள் மர்ம மனிதன் என்றன. துரத்தினால் படை முகாமுக்குள் ஓடுகிறான் என்று ஊர் சொன்னது, அரசு மறுத்தது. ஆர்ப்பாட்டம், கல்லெறி எல்லாம் நடந்தன. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். இவையெல்லாம் செய்தியில் வந்தவை.

செய்தியில் வராததைச் சொல்கிறேன். அது கச்சான் காற்று அனலாய் அடிக்கும் மாதம். திண்ணையில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள் அறைக்குள் போய் ஜன்னலையும் சாத்திக்கொண்டு வெந்தார்கள். எங்கள் மலசலகூடம் வளவின் கடைசி மூலையில், கிணற்றுக்கும் அப்பால் இருந்தது. இரவில் அங்கே போக வேண்டி வருமே என்று அம்மம்மா மாலை ஐந்து மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். மாமிக்கு அடிவயிற்றில் எரிவு வந்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கணவனைப் போரில் இழந்த அயல்வீட்டு அக்கா இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டில்தான் படுத்தார், தலைமாட்டில் ஒரு போத்தல் மிளகாய்த்தூளோடு. எனக்கு ரியூசன் நின்றது. என் தம்பிக்கு நிற்கவில்லை.

அப்போது நோன்பு மாதம் வேறு. காத்தான்குடியில் இருந்த என் தோழியின் உம்மா இரவுத் தொழுகைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

ஆண்கள் பொல்லோடு சந்தியில் காவல் இருந்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு விடிய விடிய பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தது யார்? காலையில் அவர்கள் படுத்தார்கள், நாங்கள் உலை வைத்தோம்.

சட்கிளிஃப் கொலை செய்த காலத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பொலிஸ் பெண்களை இரவில் வெளியே போகவேண்டாம் என்றது. 1977 நவம்பரில் அங்கே பெண்கள் இரவிலேயே ஊர்வலம் போனார்கள். ஊரடங்கை ஆண்களுக்குப் போடுங்கள் என்று கேட்டார்கள். கொலைகாரனையோ பொலிஸ் ஒன்பது தடவை விசாரித்தும் விட்டுவிட்டது. நாங்கள் அப்படிக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

காத்தான்குடி, ஓட்டமாவடி, பொத்துவில் பக்கத்து அக்காமார் எழுதுங்கள், அடுத்த காணொளியில் பெயர் சொல்லாமல் வாசிக்கிறேன். பூதத்தைக் கண்ட கதை வேண்டாம். அது போதியளவு இருக்கிறது. அந்த மாதம் எதை விட்டீர்கள், பிறகு அது திரும்பக் கிடைத்ததா? அதை எழுதுங்கள்.