பழைய இம்பல்ஸ் மண்பாதையில் நின்றுவிட்டால்

[காட்சி: செம்மண் ஏற்றம். சாய்த்து நிறுத்திய வண்டி.]

வணக்கம். ஹீரோ இம்பல்ஸ் 2011-ல் வந்த பைக். 150 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், முன்னால் 19 இஞ்ச் சக்கரம். இப்போது புதிதாகக் கிடைக்காது. ஆனால் கையில் நாலு கருவி இருந்தால் காட்டுக்குள்ளேயே எழுப்பிவிடலாம். அதனால்தான் இந்த வண்டி மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

ஏற்றத்தில் இன்ஜின் இருமி நின்றுவிட்டது. செல்ஃபை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், பேட்டரிதான் போகும். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள்.

[காட்சி: மூடி, நெருக்கத்தில்.]

"உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்ததா? மூடியில் இருக்கும் காற்றுத் துளை சேற்றில் அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. பதினைந்து நிமிடம் சும்மா நிறுத்தினால் தானே ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும் வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் வியாதி. இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

மூடி சரியாக இருக்கிறதா? கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு பாட்டில் மூடியில் பிடியுங்கள். நிற்காமல் சீராக வந்தால் நல்லது. சில நொடியில் நின்றுபோனால், டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பில் அடைப்பு. அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர், வடித்துவிடுங்கள்.

பெட்ரோல் வருகிறது என்றால் அடுத்து ஸ்பார்க். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, அது காய்ந்த பிறகு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, வயர் முனையில் இருக்கும் ப்ளக் மூடியில் செருகி, ப்ளக்கின் உலோகப் பகுதியை இன்ஜினில் தொடவைத்து, இன்ஜினைச் சுற்றுங்கள். பொறி நீலமாகப் பளிச்சென்று வர வேண்டும். வரவில்லையா? ப்ளக் மூடியை வயரிலிருந்து திருகிக் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் வயர் நுனி பச்சை பூத்திருக்கும். கால் இஞ்ச் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் போதும்.

ஓடையில் வண்டி மூழ்கிவிட்டால் மட்டும் வேறு கதை. தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீரை அழுத்த முடியாது, சிலிண்டரில் அது இருக்கும்போது சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளையலாம். ப்ளக்கைக் கழற்றி, மெதுவாகச் சுற்றித் தண்ணீரைத் துப்பவிடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காயவையுங்கள். பிறகு ஆயிலைப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது. அதனால்தான் ஒரு லிட்டர் ஆயிலை நான் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.

[காட்சி: இன்ஜின் மூடியில் விரிசல்.]

கல் பட்டு இன்ஜின் மூடியில் விரிசல் விழுந்தால் வண்டியை மறுபக்கம் சாய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைப் பெட்ரோலால் துடைத்து, எம்-சீலைப் பிசைந்து அப்புங்கள். கெட்டியாகும்வரை பொறுமை வேண்டும்.

கடைசியாக கிளட்ச் கேபிள். புது கேபிளைப் பையில் வைக்காமல், பழையதன் பக்கத்திலேயே இழுத்து டேப் சுற்றி வைத்துவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டுவதுதான் வேலை, டேங்கைக் கழற்ற வேண்டாம். அப்புறம், பழைய கேபிளை இப்போதே ஒருமுறை பாருங்கள். லீவர் பக்கம் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.