தாய்லாந்து மருந்துச் சீட்டு சென்னை விமான நிலையத்தில் செல்லுமா?

(திரையில்: பாங்காக் தெரு, பச்சை இலை வரைந்த கடைப் பலகைகள்)

பாங்காக்கில் இந்தப் பலகைகளைப் பார்த்ததும், "இங்கே கஞ்சா சட்டப்படிதான்" என்று உள்ளே நுழைந்துவிடுகிறார்கள் பலர். ஒரு காலத்தில் அது ஏறக்குறைய சரி. 2022 ஜூன் 9 அன்று தாய்லாந்து கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் 2025 ஜூன் இறுதியில் விதி மாறிவிட்டது. இப்போது கஞ்சாப் பூ வாங்க மருந்துச் சீட்டு வேண்டும். சுற்றுலாப் பயணிக்கும் இதே விதிதான்.

சீட்டு எழுத ஆங்கில மருத்துவர்தான் வேண்டும் என்றில்லை. உரிமம் பெற்ற தாய் பாரம்பரிய வைத்தியரும் எழுதலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 30 நாள் தேவைக்கானது. 20 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் விற்கக் கூடாது. வாங்கியதைப் பொது இடத்தில் புகைத்தால் அது தனிக் குற்றம். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி (THC) 0.2 சதவீதத்தைத் தாண்டிய கஞ்சாச் சாறு அங்கே இன்றும் போதைப்பொருள்தான். கஞ்சா எண்ணெய்ப் புட்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

(திரையில்: விமான நிலையம், சுங்கச் சோதனை)

சரி, சீட்டும் இருக்கிறது, ரசீதும் இருக்கிறது. ஊருக்குக் கொண்டுவரலாமா? கூடாது. தாய்லாந்தே அதை வெளியே எடுத்துப்போக அனுமதிப்பதில்லை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்று பலர் தெம்பாகச் சொல்வார்கள். அந்தச் சிறிய அளவுக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. பாங்காக் விமானங்களில் வரும் 'உயர்ரக கஞ்சா' பிடிபடுவது சென்னையில் வழக்கமான செய்தியாகிவிட்டதால், அந்தப் பயணிகள் மீது சுங்கத்துறைக்கு ஏற்கெனவே ஒரு கண். அங்கே சீட்டை நீட்டினால், பையில் இருப்பது கஞ்சாதான் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தச் சட்டம் வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். குடிமகனோ நிரந்தரவாசியோ பாங்காக்கில் புகைத்திருந்தாலும், சிங்கப்பூரில் புகைத்ததாகவே அந்த நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைக்கலாம். அதில் தெரிந்துவிட்டால், பையில் எதுவும் இல்லாவிட்டாலும் வழக்கு வரலாம்.