கார்லோவில் கிளம்பிய முன்களக்காரர்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

கால்பந்து பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மெஸ்ஸியைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நான் சொல்ல வந்தது பாட்ரிக் அமண்ட் என்ற அயர்லாந்துக்காரரைப் பற்றி.

இவர் மாதிரி ஆட்டக்காரர்களை அங்கே 'ஜர்னிமேன்' என்பார்கள். ஊர் சுற்றுபவர் என்று நினைக்கத் தோன்றும். பழைய பொருள் வேறு. தொழிலை முறையாகக் கற்றவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாமல் நாட்கூலிக்கு வேலை பார்ப்பவர். கால்பந்தில் இந்தச் சொல்லைச் சற்று இளக்காரமாகத்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழில் தெரியாதவரை இத்தனை ஊர்க்காரர்கள் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்களா?

1988இல் கார்லோ நகரில் பிறந்தவர் அமண்ட். ஷாம்ராக் ரோவர்ஸ், ஸ்லைகோ ரோவர்ஸ் என அயர்லாந்து லீக்கில் ஆடினார். 2010இல் போர்ச்சுகல் போனார், அடுத்த ஆண்டே இங்கிலாந்து. அக்ரிங்டன் ஸ்டான்லி, பிறகு மோர்கம். இரண்டுமே அப்போது நான்காம் அடுக்கில் இருந்த அணிகள். பிரிமியர் லீக்கையும் அதற்குக் கீழுள்ள மூன்று அடுக்குகளையும் சேர்த்தால் 92 அணிகள் வரும். அந்த 92இல் கடைசிப் படி இது. இங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. மே மாதம் வந்தால் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று ஒவ்வொரு அணியும் பட்டியல் போடும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் வீடு மாற்ற வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி தேட வேண்டும். ஆகஸ்ட்டில் புது ஊரில், முன்பின் சேர்ந்து ஆடிப் பழகாத ஆட்களோடு நின்று கோல் அடிக்க வேண்டும்.

2015இல் அமண்ட் ஒரு படி கீழே இறங்கி, ஐந்தாம் அடுக்கில் இருந்த கிரிம்ஸ்பி டவுனுக்குப் போனார். அந்த ஒரே பருவத்தில் 37 கோல்! ஆறு ஆண்டுகளாக அந்த 92 அணி லீக்குக்கு வெளியே கிடந்த அணி, 2016 மே மாதம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஃபாரஸ்ட் கிரீன் அணியை 3-1 என வென்று மேலே ஏறியது. அவரோ அந்தக் கோடையிலேயே நான்காம் அடுக்கிலிருந்த ஹார்ட்லிபூலுக்குக் கிளம்பிவிட்டார்.

2017 மே 6, பருவத்தின் கடைசி நாள். ஹார்ட்லிபூல், டான்காஸ்டரை 2-1 என வென்றது. ஆனாலும் பிழைக்கவில்லை. வேறொரு மைதானத்தில், அதே போலக் கீழே விழாமல் போராடிக்கொண்டிருந்த நியூபோர்ட் கவுண்டி 89ஆவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டுத் தப்பித்துவிட்டது. 1921 முதல் லீக்கில் இருந்த ஹார்ட்லிபூல் ஐந்தாம் அடுக்குக்கு விழுந்தது. அடுத்த பருவம் அமண்ட் எந்த அணியில் சேர்ந்தார் தெரியுமா? அதே நியூபோர்ட்டில்! தன் அணியைக் கீழே தள்ளிய ஊருக்கே வேலைக்குப் போனார். எனக்கு இவர்மேல் பெரிய மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

நியூபோர்ட் இருப்பது வேல்ஸில், ஆடுவது இங்கிலாந்து லீக்கில். ராட்னி பரேடு மைதானத்தில் ரக்பியும் நடக்கும். குளிர்காலத்தில் தரை என்ன பாடு படும் என்று நினைத்துப் பாருங்கள். 2018 ஜனவரியில், பெரிய அணியும் சிறிய அணியும் மோதிக்கொள்ளும் எஃப்.ஏ. கோப்பைக்காக, பிரிமியர் லீக் அணியான டாட்டன்ஹாம் அங்கே வந்தது. 38ஆவது நிமிடத்தில் அமண்ட் தலையால் முட்டிக் கோல் போட்டார். டாட்டன்ஹாமின் ஹாரி கேன் 82ஆவது நிமிடத்தில் சமன் செய்யும்வரை பெரிய அணி பின்தங்கியே இருந்தது.

அடுத்த ஆண்டு, அதே கோப்பை, ஜனவரி 6. எதிரே லெஸ்டர், மூன்று ஆண்டுக்கு முன் பிரிமியர் லீக் வென்ற அணி. நியூபோர்ட் முன்னிலை. 82ஆவது நிமிடத்தில் லெஸ்டர் சமன் செய்கிறது. மூன்றே நிமிடத்தில் நியூபோர்ட்டுக்குப் பெனால்டி. நானும் உள்ளூர் லீக்கில் பெனால்டி அடித்தவன். பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும் அந்த நாலு அடி, கால் நம்முடையதாகவே இருக்காது. அமண்ட் அடித்தார். 2-1, லெஸ்டர் வெளியே.

அந்த ஆண்டு பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டி. சிட்டி 2-0 என முன்னிலை. 88ஆவது நிமிடத்தில், முன்னேறி வந்த கோல்கீப்பர் எடர்சனைத் தாண்டி அமண்ட் பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். 2-1. மைதானம் அதிர்ந்தது. அடுத்த நிமிடமே சிட்டியின் ஃபோடன் அடித்தார், கடைசியில் சிட்டிக்கு 4-1 வெற்றி. அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்த ஆட்டத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பிறகு எக்ஸிடர் அணிக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாகப் போனார், வோக்கிங் அணியில் ஒரு பருவம் ஆடினார். 2023இல் அயர்லாந்துக்கே திரும்பி, இரண்டாம் டிவிஷனிலிருந்த வாட்டர்ஃபோர்டில் சேர்ந்தார். அந்த அணி அவ்வாண்டே மேலே ஏறியது. 2024இல் அயர்லாந்து பிரிமியர் டிவிஷனில் அவர் அடித்தது 14 கோல். அந்தப் பருவம் அவரைவிட அதிகம் அடித்தவர் எவருமில்லை. அப்போது அவருக்கு வயது 36.

நன்றி, வணக்கம்.